‘ப்யூர் கேபி’ இசைத்தட்டு ஒருவழியாகக் கிடைத்தது. இதை எப்படிக் கேட்பது?

வைமானாலோவாசி எழுதியது:

நண்பர்களுக்கு வணக்கம். ஹவாயில், ஓஅஹு தீவின் கிழக்குக் கரையில் இருக்கும் வைமானாலோவில் நான்கு வருடமாகக் குடியிருக்கிறேன். ஒரு பெரியவர் வீட்டின் பின்கட்டில் வாடகைக்கு. இங்கே உறவு இருக்கிறதோ இல்லையோ, மூத்தவர்களை அங்கிள், ஆன்ட்டி என்றுதான் கூப்பிடுவார்கள். அவரையும் அங்கிள் என்றே அழைத்து வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டியைக் கழுவி முடித்ததும் அங்கிள் தன் பழைய ரெக்கார்ட் ப்ளேயரைத் திண்ணைக்கு எடுத்து வருவார். பெரும்பாலும் ஒரே தட்டுதான் ஓடும்: ஹவாய்க் கிட்டார் கலைஞர் கேபி பாஹினுயி பாடி வாசித்த ‘ப்யூர் கேபி’. தட்டு ஓடும்போது அவர் பேச மாட்டார். மடியில் ஒரு கிட்டார் இருக்கும், ஆனால் கூடவே வாசிக்கவும் மாட்டார். ஒவ்வொரு அடியும் முடிகிற இடத்தில் இரண்டு விநாடி மட்டும் கையைப் போட்டுவிட்டு நிறுத்திவிடுவார். முதல் ஆறு மாதம் அதை நான் பின்னணிச் சத்தமாகத்தான் எடுத்துக்கொண்டேன். அப்புறம் ஒரு ஞாயிறு நல்ல மழை, வெளியே போக முடியவில்லை. திண்ணையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து முதலிலிருந்து கடைசி வரை கேட்டேன். அன்றைக்குப் பிடித்தது இன்னும் விடவில்லை.

போன வருடம் அங்கிள் லாஸ் வேகாஸில் இருக்கும் மகள் வீட்டுக்குக் குடிபோய்விட்டார். இங்கே விலைவாசி அப்படி, ஹவாய்க்காரர்கள் நிறையப் பேர் அங்கேதான் போகிறார்கள். லாஸ் வேகாஸை ‘ஒன்பதாவது தீவு’ என்றே சொல்கிறார்கள். கிட்டாரும் போயிற்று, தட்டும் போயிற்று. அவருடைய தம்பி இப்போது வீட்டைப் பார்த்துக்கொள்கிறார், அவருக்குப் பாட்டில் நாட்டம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை வந்தால் அந்தத் திண்ணையைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

ஒரு வருடம் தேடினேன். ஹொனலூலுவில் பழைய தட்டு விற்கிற கடைகளில் கேட்டால், ‘வரும், வந்த அன்றே போய்விடும்’ என்றார்கள். கடைசியில் போன சனிக்கிழமை கைலுவாவில் ஒரு வீட்டு வாசலில் பழைய சாமான்கள் விற்றுக்கொண்டிருந்தார்கள். கிறிஸ்துமஸ் பாட்டுத் தட்டுகளுக்கு அடியில் இது கிடந்தது. ஐந்து டாலர். உறையில் ஒரு மூலை தண்ணீர் பட்டு ஊறிக் காய்ந்திருக்கிறது, உள்ளே தட்டு பரவாயில்லை. கையில் எடுத்துக்கொண்டு பணம் கொடுக்கும் வரை என்னால் சரியாகப் பேசக்கூட முடியவில்லை.

மூன்று விஷயம் கேட்க வேண்டும். ஒன்று, இந்தத் தட்டு மட்டும் ஏன் இப்படி இருக்கிறது? வைகீகி ஓட்டல்களில் கேட்கிற ஹவாய் இசை எனக்குப் பரிச்சயம்தான், இனிமையாகவும் இருக்கும். ஆனால் இதில் ஒரே ஆள் பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்கிற மாதிரி இருக்கிறது. இரண்டு கிட்டாரோ என்றுகூடச் சில இடங்களில் தோன்றுகிறது. இரண்டாவது, இரண்டாம் பக்கத்தில் ஒரு ‘டிக்’ சத்தம் வருகிறது, தட்டு கெட்டுவிட்டதா? மூன்றாவது, ஒவ்வொரு அடி முடிவிலும் அங்கிள் வாசித்த அந்த இரண்டு விநாடி என்ன? அதுதான் எனக்கு ரொம்பத் தெரிய வேண்டும்.


ஆறாம்கம்பி எழுதியது:

தம்பி, வாழ்த்துகள். ஐந்து டாலருக்கு இந்தத் தட்டா! உங்கள் மூன்றாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அங்கிள் சரியான இடத்தைத்தான் பிடித்திருக்கிறார்.

ஹவாய்ப் பாட்டில் ஒரு அடி முடிந்து அடுத்த அடி தொடங்குவதற்கு முன்னால் ஒரு சின்ன வாத்தியத் துண்டு வரும். அதை ‘வாம்ப்’ என்பார்கள். ஜி சுருதியில் வாசித்தால் ஏ-ஏழு, டி-ஏழு, ஜி என்று மூன்று கார்டு (சில சுரங்கள் சேர்ந்து ஒலிப்பது), அவ்வளவுதான். பாடுகிறவருக்கு மூச்சு, ஹுலா நடனம் ஆடுகிறவருக்கு அடுத்த அடிக்கான அவகாசம், கேட்கிறவருக்கு ‘அடி முடிந்தது’ என்ற அறிவிப்பு, மூன்றும் அதில் இருக்கிறது. ஒரே அடியை இரண்டு முறை பாடுவதும் வழக்கம். அதனால் வாம்ப் திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருக்கும். நல்ல வாத்தியக்காரர் அதை இரண்டாம் முறை அப்படியே வாசிக்க மாட்டார். ஒரு சுரம் முந்தும், ஒன்று பிந்தும், சில சமயம் மணி அடித்த மாதிரி ஒரு ஹார்மோனிக்ஸ் விழும். ஒருவரின் கைவாகு தெரிய வேண்டுமானால் நான் முதலில் வாம்பைத்தான் கவனிப்பேன். உங்கள் அங்கிள் கேபியோடு சேர்ந்து பாட்டை வாசிக்காமல் வாம்பை மட்டும் வாசித்தார் என்றால், பாட்டைக் கேபிக்கு விட்டுவிட்டு வாசல்படியில் மட்டும் கூட நின்றிருக்கிறார். அதைப் படித்ததிலிருந்து எனக்கு அந்த மனிதரைப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது.

கடைசி அடியில் ‘ஹ-இனா’ என்று ஒரு சொல்லோடு தொடங்குவதைக் கேட்டிருப்பீர்கள். ‘சொல்ல வந்த சேதி இதுதான்’ என்கிற மாதிரி ஒரு மரபுத் தொடர் அது. பாட்டு முடியப் போகிறது என்று அறையில் இருக்கிற எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

இப்போது முதல் கேள்வி. உங்களிடம் ஒரு கிட்டார் இருந்தால் (இல்லையென்றால் ஒன்று கடன் வாங்குங்கள்), இதைச் செய்து பாருங்கள். வழக்கமான சுருதியில் தடித்த கம்பியிலிருந்து மெல்லிய கம்பி வரை ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ. இதில் தடித்த ஈ-யை டி-க்கு இறக்குங்கள், ஏ-யை ஜி-க்கு இறக்குங்கள், மெல்லிய ஈ-யையும் டி-க்கு இறக்குங்கள். மூன்று கம்பியும் ஒவ்வொரு முழுச் சுரம் தளரும், மற்ற மூன்றும் இருந்தபடியே இருக்கும். இப்போது இடது கையை எடுத்துவிட்டு ஆறு கம்பியையும் ஒருமுறை வருடுங்கள். தானாகவே ஜி மேஜர் கார்டு. இதற்குத்தான் ‘டாரோ பேட்ச்’ என்று பெயர், அவர்கள் சாப்பிடும் டாரோக் கிழங்கு விளைகிற வயல். இப்படிக் கம்பியைத் தளர்த்துவதால்தான் இந்த வாசிப்புக்கே ‘கீ ஹோ-ஆலு’, அதாவது தளர்த்திய சாவி (கம்பியை முறுக்கும் திருகுதான் சாவி) என்று பெயர் வந்தது. ஆங்கிலத்தில் ஸ்லாக் கீ.

தளர்ந்த கம்பியில் என்ன நடக்கிறது என்றால், கட்டை விரல் கீழ்ச் சுரக் கம்பிகளை ஒன்று மாற்றி ஒன்று தட்டிக்கொண்டே இருக்கும், இடது கை பிடிக்க வேண்டிய அவசியமே இல்லாமல் அவை தம்புரா மாதிரி ரீங்காரம் செய்யும். இடது கை முழுக்க மேல் கம்பிகளுக்குக் கிடைத்துவிடுகிறது. பாட்டின் மெட்டு அங்கே. ‘இரண்டு கிட்டாரோ’ என்று உங்களுக்குத் தோன்றியது இதனால்தான். ஒரு கையின் கட்டை விரல் ஒரு ஆள், மற்ற விரல்கள் இன்னொரு ஆள்.

இன்னொன்றும் இருக்கிறது. டாரோ பேட்ச் வைத்த பிறகு, மூன்றாவது கம்பியை ஜி-யிலிருந்து அரைச் சுரம் இறக்கி எஃப் ஷார்ப் ஆக்குங்கள். அந்தக் கம்பியைத் திறந்து மீட்டினால் முடியாமல் தொங்குகிற ஒரு சத்தம் வரும். மீட்டிய உடனே முதல் ஃப்ரெட்டில் (கிட்டாரின் கழுத்தில் குறுக்கே இருக்கும் உலோகப் பட்டைதான் ஃப்ரெட்) விரலால் அடியுங்கள், வலது கையால் மீண்டும் மீட்ட வேண்டாம். சுரம் ஜி-க்கு ஏறி வீட்டுக்கு வந்து சேரும். ஒரு கமகம் மாதிரி. இந்த வகைச் சுருதிகளுக்கு ‘வாஹினே’ என்று பெயர், ஹவாய் மொழியில் பெண் என்று பொருள். நான் இதை முதன்முதலில் சரியாக அடித்த அன்று, அந்த ஒரே சுரத்தை அரை மணி நேரம் அடித்துக்கொண்டிருந்தேன். பாட்டு எதுவும் வாசிக்கவில்லை, அந்த ஏற்றம் ஒன்றே போதுமாக இருந்தது.

ஒரு காலத்தில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனிச் சுருதி இருந்தது, அதை வெளியாருக்குக் காட்ட மாட்டார்கள். வெளி ஆள் வந்தால் வாசித்து முடித்ததும் கம்பியைக் கலைத்துவிடுவார்களாம். கிட்டார் வீட்டுக்குள், திண்ணையில், உறவுகளுக்கு நடுவில் இருந்தது. மேடைக்கு அது ரொம்பப் பிந்தித்தான் வந்தது. ‘பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்கிற மாதிரி’ என்றீர்களே, அந்த இசை பிறந்த தூரமே அதுதான்.


பழந்தட்டு எழுதியது:

இரண்டாவது கேள்விக்கு மட்டும் நான்.

‘டிக்’ சத்தம் வரும்போது கையில் ஒரு கடிகாரத்தை வைத்துக்கொள்ளுங்கள். எல்பி, அதாவது உங்களுடையது மாதிரி நீண்ட நேரத் தட்டு, நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுற்றும், ஒரு சுற்றுக்கு 1.8 விநாடி. டிக் சரியாக 1.8 விநாடிக்கு ஒருமுறை வந்தால் அது கீறல், ஊசி ஒவ்வொரு சுற்றிலும் அதே இடத்தைத் தாண்டுகிறது. முன்பின்னாக வந்தால் தூசி, அல்லது பழைய அழுக்கு. கீறலுக்கு வைத்தியம் இல்லை, பத்து பதினைந்து சுற்றில் அதுவே கடந்து போகும், பொறுத்துக்கொள்ளலாம். அழுக்கு என்றால் நல்லபடியாகப் போய்விடும்.

குழாய்த் தண்ணீர் வேண்டாம், காய்ந்தபின் உப்பு ஊசி ஓடும் வரிக்குள் தங்கும். காய்ச்சி வடித்த நீர் வாங்குங்கள். மென்மையான துணி, வரியின் போக்கிலேயே வட்டமாகத் துடையுங்கள், குறுக்கே வேண்டாம். நடுவில் இருக்கும் காகித லேபிளில் ஈரம் படக் கூடாது. முழுக்கக் காயும் வரை ஊசி வைக்க வேண்டாம்.

பழைய உள் உறையைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதியது போடுங்கள். வெளி உறை தண்ணீரில் ஊறியது என்றால் பூஞ்சை இருக்கும், ஹவாய் ஈரக் காற்றில் அது தட்டுக்கும் வரும். வெளி உறையைத் தனியாக நிழலில் நன்றாக உலர்த்தி, தட்டையும் உறையையும் பிரித்தே வையுங்கள். படுக்க வைக்காமல் நிற்க வையுங்கள்.

அப்புறம் ஒரு விஷயம். இதே பதிவு பின்னால் சிடியாகவும் வந்தது. ஞாயிறுதோறும் தட்டைத் தேய்க்காமல் தினப்படிக் கேட்க ஒரு சிடி வைத்துக்கொள்ளுங்கள், தட்டை விசேஷ நாளுக்கு எடுங்கள். நான் பிடித்த தட்டு எல்லாவற்றுக்கும் அப்படித்தான் செய்கிறேன்.


செவிச்செல்வம் எழுதியது:

எல்லோரும் எப்படி வாசிப்பது, எப்படித் துடைப்பது என்று சொல்லிவிட்டார்கள். இந்தத் தட்டு எப்போது வந்தது என்பதை யாரும் சொல்லவில்லை. எனக்கு இதில் முக்கியமாகப் படுவது அதுதான், கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன்.

முதலில் கிட்டார் எப்படி ஹவாய்க்குப் போனது என்பது. 1793-இல் கப்பல் தலைவர் வான்கூவர் முதலாம் கமேஹமேஹா மன்னருக்கு மாடுகளைக் கொடுத்தார். மன்னர் அவற்றைக் கொல்லக் கூடாது என்று தடை போட்டார். மாடு பெருகிக் காட்டு மாடாகி, தோட்டங்களை மிதித்து, ஆட்களை முட்டி, பெரிய தொல்லையாகிவிட்டது. 1830-களில் மூன்றாம் கமேஹமேஹா, அன்று மெக்சிகோவின் பகுதியாக இருந்த கலிபோர்னியாவிலிருந்து மாடு பிடிப்பவர்களை வரவழைத்தார். அவர்கள் குதிரை ஏறவும் கயிறு வீசவும் கற்றுக்கொடுத்தார்கள், இரவில் கிட்டார் வாசித்தார்கள். ஹவாய் மாட்டுக்காரர்களுக்கு ‘பனியோலோ’ என்று பெயர், ‘எஸ்பான்யோல்’ என்பது ஹவாய் வாயில் அப்படி ஆனது என்கிறார்கள். வந்தவர்கள் ஊர் திரும்பியபோது சில கிட்டார்களை விட்டுப் போனார்கள். எப்படிச் சுருதி சேர்ப்பது என்பது முழுக்கத் தெரியாத நிலையில், ஹவாய்க்காரர்கள் தங்கள் பாட்டுக்குத் தோதாகக் கம்பியைத் தளர்த்திக்கொண்டார்கள் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. 1874 முதல் 1891 வரை ஆண்ட கலாகௌவா மன்னர் ஹுலாவையும் பழைய பாட்டுகளையும் அரண்மனைக்கே திரும்பக் கொண்டுவந்தார். கிட்டாரும் உகுலேலேயும் அந்தச் சபைகளில் சேர்ந்தன.

அப்புறம் நடந்தது தமிழர்களான நமக்குச் சட்டென்று உறைக்கும். 1893-இல் லிலியுஒகலானி ராணியின் ஆட்சியைக் கவிழ்த்தார்கள். 1896-இல் பள்ளிகளில் ஆங்கிலம்தான் பயிற்றுமொழி என்று சட்டம் வந்தது. ஹவாய் மொழி பேசிய பிள்ளைகள் தண்டனை வாங்கினார்கள். இரண்டு தலைமுறையில் தாத்தா பேசுவது பேரனுக்குப் புரியாமல் போனது. மொழி போனாலும் பாட்டு வீட்டில் தங்கியிருந்தது. பாட்டின் சொல்லாவது வாயில் இருந்தது.

கேபி பாஹினுயி 1921-இல் பிறந்தவர். ஹொனலூலுவின் சாலைப்பணியில் கூலி வேலை பார்த்துக்கொண்டே வாசித்தவர். அவர் 1946-இல் ‘ஹி-இலவே’ என்ற பாட்டைப் பாடிப் பதிவு செய்தார். கீ ஹோ-ஆலு வாசிப்பு ஒரு தட்டில் ஏறியது அதுதான் முதல் முறை என்று சொல்வார்கள். ஹி-இலவே என்பது ‘பெரிய தீவு’ எனப்படும் ஹவாய்த் தீவின் வைபியோ பள்ளத்தாக்கில் விழும் அருவி, 1,400 அடிக்கு மேல் உயரம். பாட்டில் ஒரு காதல் நடக்கிறது, ஊர் வாயை மூட முடியவில்லை. பறவைகள் பள்ளத்தாக்கெல்லாம் கூவிக்கொண்டிருக்கின்றன, அவற்றிடமிருந்து தப்பி வந்துவிட்டேன் என்கிறது பாட்டு. பறவை என்றால் ஊர்வாய். நம் அகப்பாட்டில் அலர் தூற்றுவது என்பார்களே, அதேதான். அந்தப் பொருள் தெரிந்த பிறகு அந்தப் பாட்டை நான் கேட்ட விதமே மாறிப்போயிற்று. இந்தத் தட்டிலும் அந்தப் பாட்டு இருக்கிறது, தேடிக் கேளுங்கள்.

சரி, தட்டுக்கு வருகிறேன். ‘ப்யூர் கேபி’ பாடி வாசித்துப் பதிவானது 1961-இல். பதிவு செய்தவர் டேவ் கார்ட், கிங்ஸ்டன் ட்ரியோ என்ற புகழ்பெற்ற குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவர், ஹொனலூலுவில் வளர்ந்தவர். அமெரிக்காவில் அவருக்கு அப்போது நல்ல பேர். அப்படியிருந்தும் இந்தப் பதிவு வெளியே வரவில்லை. ஹவாய் அமெரிக்காவின் மாநிலமாகி இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. சுற்றுலாக்காரர்களுக்குப் பிடித்த ஹவாய் இசைக்குத்தான் கிராக்கி. ஒரு சாலைத் தொழிலாளி தாய்மொழியில் தனியாகப் பாடுகிற பாட்டுக்கு யாரும் இடம் கொடுக்கவில்லை. பதிவு நாடா பதினேழு வருடம் கிடந்தது.

வெளியானது 1978-இல். அந்த வருடம் ஹவாயில் என்ன நடந்தது தெரியுமா? அரசியல் சட்ட மாநாடு கூடி, ஹவாய் மொழியை மாநிலத்தின் ஆட்சிமொழிகளில் ஒன்றாக ஆக்கியது. நடுவில் எழுபதுகளில் இளைஞர்கள் மொழிக்கும் ஹுலாவுக்கும் பழைய முறைக் கடல் பயணத்துக்கும் திரும்பி வந்தார்கள். கேபியின் வீடு அவர்களுக்கு ஒரு சத்திரம் மாதிரி ஆனது. உங்கள் ஊரிலேதான், வைமானாலோவில்! வெள்ளிக்கிழமை இரவு தொடங்கிய வாசிப்பு ஞாயிறு வரை ஓயாது என்று அங்கே போனவர்கள் சொல்லியிருக்கிறார்கள். 1961-இல் கேட்க ஆளில்லாத அதே குரலுக்கு 1978-இல் காத்திருந்தார்கள். குரலில் ஒன்றும் மாறவில்லை, அதே நாடாதான். இரண்டு வருடம் கழித்து, 1980-இல் கேபி இறந்துவிட்டார். அவர் இருக்கும்போதே இது வந்ததே என்று நான் பல முறை நினைத்து நிம்மதிப்பட்டிருக்கிறேன்.

ஆறாம்கம்பி அண்ணாவோடு ஒரே இடத்தில் எனக்கு ஒப்புதல் இல்லை. தனியாக வாசித்ததுதான் உண்மையான கீ ஹோ-ஆலு என்பது போல ஒரு சாயல் அவர் பேச்சில் இருக்கிறது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஹவாய்க்காரர்கள் ‘கனிகாபிலா’ என்பார்கள், நாலு பேர் சேர்ந்து வாத்தியத்தோடு உட்காருவது. 1972-இல் வந்த, பழுப்பு உறை போட்ட கேபியின் தட்டையும், 1975-இல் மகன்களும் அமெரிக்கக் கிட்டார் கலைஞர் ரை கூடரும் சேர்ந்து வாசித்த தட்டையும் கேட்டுப் பாருங்கள். மூன்று கிட்டார், மூன்று வேறு சுருதி, ஒன்றை ஒன்று மிதிக்காமல் போகும். அதுவும் அதே திண்ணைதான், ஆள் மட்டும் கூடுதல்.


ஆறாம்கம்பி எழுதியது:

செவிச்செல்வம், 1978 என்கிற வருடத்தை நான் இப்படிச் சேர்த்துப் பார்த்ததே இல்லை. நன்றி.

ஒப்புதல் இல்லாத இடத்தில் நீங்கள் சொல்வதும் நியாயம். கூட்டமாக வாசிப்பது குறைந்தது என்று நான் சொல்லவில்லை. கற்றுக்கொள்கிறவனாக எனக்குத் தனி வாசிப்பு தேவைப்படுகிறது, அவ்வளவுதான். நாலு கிட்டார் சேரும்போது யார் கட்டை விரல் எங்கே போகிறது என்று பிடிக்க முடியாது. ‘ப்யூர் கேபி’யில் ஒரு குரலும் ஒரு கிட்டாரும் முன்னால் நிற்கும்போது, அவர் பாடுகிற இடத்தில் விரலைக் குறைத்துக்கொள்வதும், குரல் நின்ற உடனே விரல் எழுந்து வருவதும் நன்றாகத் தெரியும். அவருடைய குரல் மேலே போகும்போது உடைந்து பொய்க்குரலுக்குத் தாவும் பாருங்கள், அந்த உடைவுக்கு ஒரு கணம் முன்னால் கட்டை விரல் ஒரு தட்டைத் தவற விடும். இல்லை, தவற விடவில்லை, வழி விடுகிறது. நான் அந்த இடத்தை ஐம்பது முறையாவது கேட்டிருப்பேன்.

தம்பிக்கு அடுத்து என்ன கேட்கலாம் என்று யாரும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். லெனர்ட் க்வானின் 1960-ஆம் வருடத் தட்டு, சிவப்பு உறை, பாட்டே இல்லாமல் முழுக்க வாத்தியம். அதில் ‘ஓபிஹி மொஎமொஎ’ என்று ஒரு உருப்படி உண்டு, தூங்கும் ஓபிஹி என்று பொருள். அலை அடிக்கிற பாறையில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு கடல் நத்தை அது. அதைப் பெயர்க்கப் போய் அலையில் உயிரை விட்டவர்கள் உண்டு. உருப்படியைக் கேட்டால் அலையும் இல்லை, ஆபத்தும் இல்லை, அசையாமல் ஒட்டிக்கொண்டிருப்பது மட்டும்தான் இருக்கிறது. அப்புறம் ஆன்ட்டி ஆலிஸ் நமகெலுவா. 1892-இல் பிறந்தவர். அவருடைய தட்டு 1974-இல் வந்தது, அப்போது அவருக்கு எண்பதைத் தாண்டியிருந்தது. இவருடைய கை பழைய கை. கேபி தலைமுறையின் அலங்காரம் அதில் கிடையாது. எளிமையாக, நேராகப் போகும். இரண்டு தட்டும் கிடைப்பது கஷ்டம். கைலுவாவில் வீட்டு வாசல்களை விடாமல் பாருங்கள்.

இப்போது வாசிக்கிறவர்களில் லெட்வர்ட் காஅபனாவைத் தவற விடாதீர்கள். பெரிய தீவின் கலபனா ஊர்க்காரர். அந்த ஊரை 1990-இல் எரிமலைக் குழம்பு மூடிவிட்டது. அவருடைய வாசிப்பில் ஊர் இன்னும் இருக்கிறது.


வைமானாலோவாசி எழுதியது:

இரண்டு நாள் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். நீங்கள் எழுதியதை எல்லாம் தட்டைப் போட்டுக்கொண்டே இரண்டு முறை படித்தேன்.

பழந்தட்டு ஐயா, கடிகாரம் வைத்துப் பார்த்தேன். 1.8 விநாடிக்கு ஒருமுறை சரியாக வருகிறது, கீறல்தான். பன்னிரண்டு சுற்றில் போய்விடுகிறது. மற்ற இடங்களில் இருந்த கரகரப்பு துடைத்த பிறகு முக்கால்வாசி போய்விட்டது. உறை இப்போது மின்விசிறிக்கு எட்டத்தில் நிழலில் காய்கிறது.

நேற்று ஞாயிறு. அங்கிளுக்குத் தொலைபேசியில் கூப்பிட்டு, தட்டு கிடைத்ததைச் சொன்னேன். ‘எந்தப் பக்கம் கீறல்?’ என்றார், முதல் கேள்வியே அது. இரண்டாம் பக்கம் என்றேன். ‘என்னுடையதும் இரண்டாம் பக்கம்தான்’ என்றார். ஹி-இலவே ஓடும்போது தொலைபேசியை ஸ்பீக்கர் பக்கத்தில் வைத்தேன். ஒவ்வொரு அடி முடிவிலும் அந்தப் பக்கத்திலிருந்து கிட்டார் சத்தம் வந்தது. தொலைபேசி வழியே வருவதால் கொஞ்சம் பிந்தி வந்தது, அடுத்த அடி தொடங்கிய பிறகுதான் அவருடைய வாம்ப் வந்து சேர்ந்தது. அவருக்கு அது தெரிந்திருக்காது. நான் சொல்லவும் இல்லை. பறவைகளைப் பற்றிக் கேட்டேன். தன் பாட்டி அந்தப் பாட்டைப் பாடும்போது பிள்ளைகளை வெளியே போய் விளையாடச் சொல்வார் என்றார்.

அப்புறம் ஆறாம்கம்பி அண்ணா, பக்கத்து வீட்டுப் பையனிடம் கிட்டார் வாங்கி மூன்று கம்பியையும் இறக்கினேன். திறந்து மீட்டினால் நீங்கள் சொன்ன மாதிரி கார்டு வருகிறது, அந்த ரீங்காரமும் வருகிறது. ஆனால் வாஹினேவுக்கு மூன்றாவது கம்பியை இறக்கி முதல் ஃப்ரெட்டில் அடித்தால் ஜி-க்குப் பதிலாக ‘ஜிர்ர்’ என்று கம்பி உரசுகிற சத்தம்தான். தடித்த கம்பியும் உரசுகிறது. கிட்டாரில் கோளாறா, என் கையிலா?


ஆறாம்கம்பி எழுதியது:

இரண்டிலும் இல்லை, கம்பியில். அந்தப் பையன் மெல்லிய கம்பி போட்டிருப்பான். இயல்பான சுருதிக்கு அது போதும், தளர்த்தினால் தொய்ந்து ஃப்ரெட்டில் உரசும். கடையில் ‘மீடியம்’ என்று கேட்டு வாங்குங்கள், அந்தக் கட்டில் ஆக மெல்லிய கம்பியே 0.013 அங்குலம் இருக்கும். பையனிடம் கேட்டுவிட்டு மாற்றுங்கள், அவன் பழைய சுருதிக்குத் திரும்பினால் இழுவை கூடுதலாக இருக்கும். அதுவரைக்கும் விரலை ஃப்ரெட்டின் உலோகத்துக்கு ஒட்டினாற்போல் வைத்து அடியுங்கள், நடுவில் அடிக்க வேண்டாம். பாதி உரசல் அதிலேயே போய்விடும்.

அடுத்த ஞாயிறு அங்கிளைக் கூப்பிடும்போது, அவர் எந்தச் சுருதியில் வாசிக்கிறார் என்று ஒருமுறை கேளுங்கள். சொன்னால் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், இங்கே போட வேண்டாம்.